0.2 விநாடி அதிர்வை வைத்து ‘இரண்டு கருந்துளைகள்’ என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்?

கேள்வி இதுதான்: “கருந்துளையிலிருந்து வெளிச்சம்கூட வெளியே வராது என்கிறீர்கள். அப்படிப்பட்ட இரண்டு, 130 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் மோதினவாம். அந்த அதிர்வு பூமியில் 0.2 விநாடி பதிவானதாம். உடனே ஒன்று 36 சூரியன் எடை, இன்னொன்று 29 சூரியன் எடை என்று சொல்லிவிட்டார்களாம். யார் போய்ப் பார்த்தது? பக்கத்தில் ஒரு லாரி போயிருந்தால்?”

கிண்டலாகக் கேட்டிருந்தாலும் சரியான கேள்வி. இதே சந்தேகம் முதலில் வந்தது அந்தக் கருவியைக் கட்டியவர்களுக்குத்தான், அதுவும் உங்களைவிடக் கடுமையாக. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

2015 செப்டம்பர் 14, திங்கட்கிழமை. நம்மூர் நேரப்படி மாலை 3:20. கனமான பொருள்கள் ஒன்றையொன்று சுற்றும்போது விண்வெளியிலேயே எழுந்து பரவும் அதிர்வுக்கு ஈர்ப்பு அலை என்று பெயர். அதைப் பிடிக்க அமெரிக்காவில் லைகோ என்ற கருவி இரண்டு இடங்களில் இருக்கிறது: ஒன்று லூசியானா மாநிலத்தில் லிவிங்ஸ்டன், இன்னொன்று வாஷிங்டன் மாநிலத்தில் ஹான்ஃபோர்டு. அங்கே அப்போது விடியவே இல்லை. ஜெர்மனியின் ஹானோவர் நகரில் மட்டும் நண்பகல் ஆகிக்கொண்டிருந்தது. அங்கே ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் நிறுவனத்தில் இருந்த மார்க்கோ திராகோ என்ற இத்தாலிய இளைஞருக்குக் கணினியிடமிருந்து ஒரு தானியங்கி மின்னஞ்சல் வந்தது. திறந்து பார்த்தால் பாடப்புத்தகத்தில் வரைந்து வைத்தது மாதிரி ஓர் அலை. அவர் துள்ளிக் குதித்திருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? அவருக்கு முதலில் தோன்றியது, “யாரோ போலி சிக்னலை உள்ளே விட்டிருக்கிறார்கள்” என்பதுதான். பக்கத்து அறையில் இருந்தவரிடம் காட்டினார், இரண்டு பேருமாக அமெரிக்காவின் இரு கட்டுப்பாட்டு அறைகளுக்கும் போன் போட்டார்கள், லிவிங்ஸ்டனில் மட்டும் எடுத்தார்கள். அங்கே எல்லாம் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது.

போலி என்று அவர் நினைத்ததற்குக் காரணம் உண்டு. இந்தக் குழுவில் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் மட்டும் யாருக்கும் தெரியாமல் கருவியின் கண்ணாடிகளை லேசாக அசைத்து, நிஜம்போன்ற ஒரு சிக்னலை உள்ளே செலுத்திவிடுவார்கள். மற்றவர்கள் அதைக் கண்டுபிடிக்கிறார்களா, கண்டுபிடித்தால் சரியாகக் கணக்குப் போடுகிறார்களா என்று பார்ப்பதற்காக. 2010 செப்டம்பரில் அப்படி ஒரு சிக்னல் வந்தது. பெருநாய் விண்மீன் குழு இருக்கும் திசையிலிருந்து வந்தது போலத் தெரிந்ததால் அதற்கு ‘பெரிய நாய்’ என்று செல்லப்பெயர் வைத்து, மாதக்கணக்கில் அலசி, ஆய்வுக் கட்டுரையையே எழுதி முடித்துவிட்டார்கள். 2011 மார்ச்சில் கலிபோர்னியாவில் கூட்டம் கூட்டி, எல்லாருக்கும் முன்னால் உறையைப் பிரித்தால், அது செலுத்தப்பட்ட போலி. எத்தனை பேர் முகம் தொங்கிப்போயிருக்கும், நினைத்துப் பாருங்கள். என் கணக்கில் அந்த ஏமாற்றம்தான் லைகோ செய்த மிகப் பெரிய முதலீடு. 2015-ல் அந்தப் போலி செலுத்தும் ஏற்பாடே ஓடவில்லை என்று உறுதியான பிறகுதான் மூச்சு விட்டார்கள். அதன் பிறகும், வெளியாள் யாராவது கணினிக்குள் புகுந்து வேலை காட்டியிருக்க முடியுமா என்று தனியாக உட்கார்ந்து விசாரித்தார்கள்.

இன்னொரு கூத்தும் அன்று இரவு நடந்தது. உங்கள் லாரிக் கேள்விக்கு நேரடிச் சம்பந்தம் உள்ளது என்பதால் சொல்கிறேன். லிவிங்ஸ்டனில் அன்று பின்னிரவு வரை இரண்டு பேர், கருவியின் பக்கத்தில் வண்டியை ஓட்டி, சடாரென்று பிரேக் போட்டு, அந்த அதிர்வு கண்ணாடி வரை போகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். அசதியில் மிச்சச் சோதனையை விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அலை வந்தது. அவர்கள் இன்னும் கொஞ்சம் கடமை உணர்ச்சியோடு இருந்திருந்தால் அந்தப் பதிவையே நம்ப முடியாமல் போயிருக்கும்.

சரி, கருவிக்கு வருவோம். ‘ட’ எழுத்தின் ஒரு மூலை போல, செங்குத்தாகச் சேரும் இரண்டு குழாய்கள், ஒவ்வொன்றும் 4 கிலோமீட்டர். மூலையில் லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு குழாயில் அனுப்புகிறார்கள். கோடியில் உள்ள கண்ணாடியில் பட்டுத் திரும்பிவந்து இரண்டும் சேரும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். ஈர்ப்பு அலை கடந்துபோனால் ஒரு குழாய் இம்மியளவு நீளும், மற்றது இம்மியளவு சுருங்கும், அடுத்த கணம் தலைகீழாக நடக்கும். அப்போது அந்த அழித்தல் முழுமையாக நடக்காமல் கொஞ்சம் வெளிச்சம் கசியும். கசிவதுதான் சிக்னல்.

வகுப்பில் எப்போதும் ஒரு பிள்ளை கேட்கும்: “இடமே நீண்டால் லேசர் ஒளியும் சேர்ந்து நீளாதா? அப்புறம் எப்படி வித்தியாசம் தெரியும்?” உள்ளே இருக்கிற ஒளி நீளத்தான் செய்யும். ஆனால் லேசர் தொடர்ந்து புது ஒளியை அனுப்பிக்கொண்டே இருக்கிறது, பழைய ஒளி வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அலை ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் புது ஒளி வந்துவிடும், அது நீண்ட பாதையைக் கடக்கக் கூடுதல் நேரம் எடுக்கும். இங்கே அளப்பது இரண்டு பாதையிலும் போய்வந்த நேர வித்தியாசத்தை. ஒளியை அளவுகோலாக நினைக்காமல் கடிகாரமாக நினைத்தால் குழப்பம் தீரும்.

‘இம்மி’ என்றேனே, அது எவ்வளவு? அன்று வந்த அலை உச்சத்தில் இருந்தபோது நீளம் மாறியது, 1-க்குப் பின்னால் 21 பூஜ்யம் போட்ட எண்ணில் ஒரு பங்கு. 4 கிலோமீட்டர் குழாயில் அது ஒரு புரோட்டானின் குறுக்களவில் சில நூறில் ஒரு பங்கு. அப்படிச் சொன்னால் யாருக்கும் மனதில் நிற்காது. இப்படிப் பாருங்கள்: சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள விண்மீன் 4 ஒளியாண்டுக்கு மேல் தொலைவில் இருக்கிறது. அந்த முழுத் தூரமும் ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்குக் கூடிக் குறைந்தால் எவ்வளவோ, அவ்வளவுதான்.

இதை எப்படி லாரியிலிருந்து பிரிப்பது? முதல் வேலை, கண்ணாடியை உலகத்திடமிருந்து துண்டிப்பது. வீட்டுச் சாவிக்கொத்தை ஒரு முழ நூலில் கட்டித் தொங்கவிட்டு, நூலின் மேல்முனையை விரலால் வேகவேகமாக ஆட்டிப் பாருங்கள். கை ஆடும், சாவி கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். மெதுவாக ஆட்டினால்தான் சாவியும் ஆடும். லைகோவின் கண்ணாடி 40 கிலோ எடையுள்ள தூய சிலிக்கா உருளை. அதை இப்படி ஒன்றின் கீழ் ஒன்றாக நான்கு அடுக்கு ஊசலில் தொங்கவிட்டிருக்கிறார்கள். கடைசி அடுக்கில் கம்பிகூட இல்லை, 0.4 மில்லிமீட்டர் தடிமனில் இழுத்த நான்கு கண்ணாடி இழைகள். உலோகக் கம்பியின் அணுக்கள் வெப்பத்தில் நடுங்குகிற நடுக்கம்கூடக் கண்ணாடிக்குப் போய்விடும் என்பதால் இந்தப் பாடு. அந்த இழையை விரலால் தொட்டுவிட்டால் போச்சு, கையெண்ணெய் பட்ட இடத்தில் பலவீனமாகி அறுந்துவிடலாம்.

இவ்வளவு செய்தும் சத்தம் வரத்தான் செய்யும். ஹான்ஃபோர்டில் ஒருமுறை விளங்காத சத்தம் அவ்வப்போது வந்துகொண்டிருந்தது. தேடிப்போனால் அண்டங்காக்கைகள். அது வறண்ட பாலை நிலம். கருவிக்குள் வெற்றிடத்தைக் காக்க உதவும் திரவ நைட்ரஜன் அமைப்பின் குழாய்க்கு வெளிப்புறத்தில் உறைபனி படியும். தாகமெடுத்த காக்கைகள் வந்து அதைக் கொத்தித் தின்றிருக்கின்றன. பனியில் அலகு பதிந்த தடமே இருந்தது. காக்கை கொத்துவது கேட்கிற கருவிக்கு லாரி கேட்காமல் இருக்குமா? கேட்கும். அதனால்தான் நில அதிர்வு, காற்று, ஒலி, காந்தப்புலம், மின்சார ஏற்ற இறக்கம் என்று 2 லட்சத்துக்கும் மேற்பட்ட துணைப் பதிவுகளை எந்நேரமும் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அலை வந்த அதே நேரத்தில் ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் ஒரு பயங்கர மின்னல் வெட்டியிருக்கிறது. அதையும் விடவில்லை. காந்தமானிப் பதிவைப் பார்த்து, அதனால் வந்திருக்கக்கூடிய பாதிப்பு இந்த சிக்னலுக்குப் பக்கத்தில்கூட வராது என்று கணக்குப் போட்டுத் தள்ளினார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வடிகட்டி, கருவி இரண்டு இடத்தில் இருப்பது. இடையே 3,000 கிலோமீட்டர். ஒளி வேகத்தில் போனாலே 10 மில்லி விநாடி ஆகும். அன்று அலை முதலில் லிவிங்ஸ்டனைத் தொட்டு, ஏறக்குறைய 7 மில்லி விநாடி கழித்து ஹான்ஃபோர்டைத் தொட்டது, இரண்டிலும் ஒரே வடிவம். லூசியானாவில் போன லாரியின் அதிர்வு 7 மில்லி விநாடியில் வாஷிங்டனுக்குப் போய்ச் சேராது.

“தற்செயலாக இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி சத்தம் வந்திருக்கலாமே?” என்று அடுத்துக் கேட்பீர்கள். இதற்கு அவர்கள் கையாண்ட தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கருவியின் பதிவை எடுத்து, மற்றதைவிடச் சற்று முன்னே பின்னே நகர்த்தி ஒப்பிட வேண்டும். 10 மில்லி விநாடிக்கு மேல் நகர்த்திவிட்டால் உண்மையான அலை இரண்டிலும் ஒன்றாக விழ வாய்ப்பே இல்லை. அதில் எது ஒத்துப்போனாலும் அது தற்செயல் மட்டுமே. இப்படிப் பலவிதமாக நகர்த்தி நகர்த்தி, வெறும் 16 நாள் பதிவிலிருந்து 6 லட்சம் ஆண்டுக்குச் சமமான ‘தற்செயல்’ பதிவை உண்டாக்கினார்கள். அத்தனையிலும் இந்த அளவுக்கு வலுவான ஒன்று ஒருமுறைகூட வரவில்லை. கணக்கைக் கறாராகப் போட்டு, இப்படித் தற்செயலாக நடப்பது 2,03,000 ஆண்டுகளுக்கு ஒரு முறைக்கும் குறைவு என்றார்கள். செப்டம்பரில் கிடைத்ததை 2016 பிப்ரவரி 11 வரை வாய்திறக்காமல் இருந்ததற்கும் இந்த வேலைகள்தான் காரணம்.

இதுவரை சொன்னது, வந்தது நிஜமான அலை என்பதற்கு. இனி, அது ஏன் கருந்துளைகள்?

ஒரு கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றி, கயிறு விரலைச் சுற்றிக்கொள்ள விட்டால், கயிறு குறையக் குறையக் கல் வேகவேகமாகச் சுற்றும் இல்லையா? காரணம் வேறு, படம் மட்டும் இதே படம். ஒன்றையொன்று சுற்றும் இரண்டு கனமான பொருள்கள் ஈர்ப்பு அலையாக ஆற்றலை இழந்துகொண்டே இருக்கும், இழக்க இழக்க நெருங்கும், நெருங்க நெருங்க வேகம் கூடும், வேகம் கூடக் கூட இன்னும் அதிகம் இழக்கும். அதனால் அலையின் அதிர்வெண்ணும் உயரமும் சேர்ந்து ஏறும். கடைசியில் ஒரு ‘விர்ர்ப்’ போட்டு அடங்கிவிடும். அன்று பதிவானதில் அதிர்வெண் விநாடிக்கு 35-லிருந்து 250 வரை ஏறியது, 0.2 விநாடிக்குள் எட்டு சுற்று அலை. அந்த அதிர்வெண்கள் தற்செயலாக நம் காது கேட்கும் வரம்பில் இருப்பதால் அதை ஒலிபெருக்கியில் போட்டால் கேட்கலாம். ‘கருந்துளையின் சத்தம்’ என்று எழுதுவதெல்லாம் இதைத்தான். நிஜத்தில் அது ஒலியில்லை, விண்வெளியில் காற்று ஏது?

அந்த ஏற்றத்தின் வேகம்தான் துப்பு. எந்த அதிர்வெண்ணில் இருக்கும்போது எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது, இரண்டு பொருள்களின் நிறையும் கலந்த ஒரு கூட்டு எண்ணை மட்டுமே சார்ந்தது. அலையின் படத்தில் ஸ்கேலை வைத்து, மேடுகளுக்கு இடையே உள்ள இடைவெளி எப்படிக் குறைகிறது என்று அளந்தால், அந்த எண்ணைக் கல்லூரி மாணவர் ஒரு பிற்பகலில் கணக்கிட்டுவிடலாம். வந்தது சுமார் 30 சூரிய நிறை. அப்படியென்றால் இரண்டும் சேர்த்துக் குறைந்தது 70 சூரிய நிறை. பிரபஞ்சம் விரிவதால் அலையும் வழியில் கொஞ்சம் இழுபட்டு வருகிறது, அதைக் கழித்தால்தான் 65.

இப்போது தூரம். அலையின் அதிர்வெண், சுற்றும் வேகத்தைப்போல இரண்டு மடங்கு. ஒட்டும் தறுவாயில் அலை 150 என்றால் அவை விநாடிக்கு 75 முறை ஒன்றையொன்று சுற்றின. விநாடிக்கு 75 முறை! 70 சூரியன் எடையுள்ள ஜோடி அந்த வேகத்தில் சுற்ற வேண்டுமானால் இடையே 350 கிலோமீட்டர்தான் இருக்க முடியும், பள்ளிக்கூடத்தில் படித்த கெப்ளர் விதியே போதும் இதற்கு. 350 கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே உள்ள தூரம். நம் ஒரு சூரியனின் குறுக்களவே 14 லட்சம் கிலோமீட்டர். அப்படி ஆளுக்கு 30 சூரியனைச் சுமந்துகொண்டு இரண்டு பொருள்கள், சென்னை திருச்சி தூரத்தில், இன்னும் ஒன்றையொன்று தொடாமல் சுற்றுகின்றன. விண்மீன்களா? வாய்ப்பே இல்லை, எப்போதோ முட்டியிருக்கும். வெடித்த விண்மீன்களின் இறுகிய மிச்சமான நியூட்ரான் விண்மீன்கள் அந்த அளவுக்குச் சிறியவைதான், ஆனால் இரண்டு, இரண்டரை சூரிய நிறைக்கு மேல் தாங்காது, நசுங்கிக் கருந்துளையாகிவிடும். ஒன்று நியூட்ரான் விண்மீன், இன்னொன்று கருந்துளை என்று வைத்துப் பார்த்தால், அந்தக் கூட்டு எண் வருவதற்குக் கருந்துளை அசுரத்தனமாகப் பெரிதாக இருக்க வேண்டும், அப்போது இவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணை எட்டும் முன்பே ஒட்டிவிடும். மிச்சம் இருப்பது ஒன்றுதான். யாரும் போய்ப் பார்க்கவில்லை, உண்மைதான். ஆனால் அந்த இடத்தில், அந்த எடையில், வேறு எதுவும் அடங்காது.

36, 29 என்று தனித்தனியாகப் பிரிப்பதற்கு, ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைக் கணினியில் முழுதாகத் தீர்த்து, பலவித ஜோடிகளுக்கு அலை எப்படி இருக்கும் என்று வரைந்து பொருத்திப் பார்க்க வேண்டும். இரண்டு கருந்துளைகள் ஒட்டுவதை அப்படிக் கணினியில் கடைசிவரை ஓட்டிக் காட்ட 2005 வரை யாராலும் முடியவில்லை, நடுவிலேயே நிரல் நொறுங்கிவிடும். அந்த ஆண்டு ஃபிரான்ஸ் பிரிட்டோரியஸ் முதன்முறையாகச் செய்துகாட்டினார். கருவி தயாராவதற்குப் பத்தே ஆண்டு முன்பு! 36 என்பதில் நாலைந்து கூடக் குறைய இருக்கலாம் என்பதையும் கட்டுரையிலேயே சொல்லித்தான் இருக்கிறார்கள், செய்தியில் வரும்போது அது காணாமல் போய்விடுகிறது. தூரம் அதைவிட மோசம். நிறை தெரிந்தால் கிளம்பிய இடத்தில் அலை எவ்வளவு பலமாக இருந்திருக்கும் என்று தெரியும், இங்கே வந்து சேர்ந்த பலத்தை அதோடு ஒப்பிட்டால் தூரம் வரும். ஆனால் அந்த ஜோடி நம்மைப் பார்த்து எந்தக் கோணத்தில் சாய்ந்திருந்தது என்று சரியாகத் தெரியாததால், 130 கோடி ஒளியாண்டு என்பதில் முன்பின் 50 கோடி தாராளமாகப் போகும்.

அப்புறம், அந்தக் கடைசி அடக்கம். கோயில் மணியை அடித்துவிட்டுக் காது கொடுத்தால், ஓசையின் சுருதியும் அது எவ்வளவு நேரத்தில் தேய்கிறது என்பதும் அந்த மணிக்கே உரியவை, நீங்கள் எதால் அடித்தீர்கள் என்பதைப் பொறுத்தவை இல்லை. புதிதாகப் பிறந்த கருந்துளையும் அப்படித்தான் ஒருமுறை கணகணத்து ஓயும். இதை 1970-லேயே கணக்கில் காட்டியவர் பெங்களூரைச் சேர்ந்த சி. வி. விஷ்வேஷ்வரா. அந்த அதிர்வெண்களைக் கணக்கிட்டு 1975-ல் வந்த முக்கியமான கட்டுரை ஒன்றில் நம் சந்திரசேகரின் பெயர் இருக்கிறது, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அதே சுப்பிரமணியன் சந்திரசேகர்தான். ஐம்பது வருடத்துக்கு முன்னால், கருந்துளை என்று ஒன்று இருக்கிறதா என்றே பலர் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், அது எந்தச் சுருதியில் ஒலிக்கும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டிருக்கிறார்கள்!

புதிய கருந்துளையின் நிறை 62. 36-ம் 29-ம் 65 ஆயிற்றே, மிச்சம் 3 சூரியன் எங்கே என்றால், அதுதான் அலையாகப் போனது. நம் சூரியன் தன் ஆயுள் முழுக்க, ஆயிரம் கோடி ஆண்டு எரிந்தாலும், தன் நிறையில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட ஒளியாக்காது. இங்கே மூன்று முழு சூரியன் விநாடியின் ஒரு பகுதியில் காலி. அந்த உச்சக் கணத்தில் கண்ணுக்கெட்டிய பிரபஞ்சத்தின் விண்மீன்கள் எல்லாம் சேர்ந்து வெளியிடும் ஒளியைவிட அதன் திறன் அதிகம். 130 கோடி ஆண்டு கழித்துப் பூமிக்கு வந்தபோதுகூட, ஒரு சதுர மீட்டரில் விழுந்த ஆற்றல் முழுநிலவின் வெளிச்சத்தைவிடப் பல மடங்கு. ஒரு கணம் நிலாவைவிடப் பிரகாசமான ஒன்று நம் உடம்பு வழியாகப் போயிருக்கிறது, யாருக்கும் ஒரு சிலிர்ப்புகூட இல்லை. விண்வெளி என்பது அவ்வளவு விறைப்பான சரக்கு, லேசில் அசைந்துகொடுக்காது. பந்தை வைத்தால் குழியும் ரப்பர் விரிப்பு என்று விண்வெளியைப் படம் போட்டுக் காட்டுவது எனக்குப் பிடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒன்றே ஒன்று என்றால் இன்னமும் சந்தேகப்படலாம். 2017-ல் இத்தாலியில் பீசா நகருக்குப் பக்கத்தில் உள்ள விர்கோ கருவி சேர்ந்தது. அந்த வருடமே நொபெல் பரிசும் வந்தது, ரெய்னர் வைஸ், பேரி பேரிஷ், கிப் தோர்ன் மூவருக்கும். பிடிபட்ட அலைகளின் நான்காவது பட்டியல் 2025-ல் வெளியானபோது மொத்த எண்ணிக்கை 218 ஆனது, பெரும்பாலானவை கருந்துளை ஜோடிகள். ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும், மூன்றை மட்டும் சொல்கிறேன்.

2019 மே 21-ல் வந்தது ஒரு வம்பு. 85-ம் 66-ம் ஒட்டி 142 சூரிய நிறை. அந்த 85 இருக்கக் கூடாத எடை. மிகக் கனமான விண்மீன்களின் உட்கருவில் வெப்பம் எல்லை மீறும்போது, ஒளியே எலக்ட்ரான், பாசிட்ரான் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) ஜோடிகளாக மாறிவிடும். உள்ளிருந்து தாங்கிக்கொண்டிருந்த ஒளியின் அழுத்தம் சரிந்து, விண்மீன் உள்வாங்கி, வெடித்து, பின்னால் எதையும் மிச்சம் வைக்காமல் சிதறிவிடும். அதனால் சுமார் 65 முதல் 120 சூரிய நிறை வரை கருந்துளைகள் விண்மீனிலிருந்து நேரடியாகப் பிறக்க முடியாது என்பது கோட்பாடு. அப்படியானால் அந்த 85 எங்கிருந்து வந்தது? ஒருவேளை அதுவே முன்பு இரண்டு ஒட்டிப் பிறந்த குழந்தையாக இருக்கலாம். 2023 நவம்பர் 23-ல் வந்தது இன்னும் பெரிசு, சுமார் 103-ம் 137-ம் சேர்ந்து 225 சூரிய நிறைக்கு. இரண்டுமே வெறித்தனமாகத் தன்னைத் தானே சுற்றிக்கொண்டிருந்தன, ஒட்டிப் பிறந்தவைக்கு அப்படித்தான் இருக்கும். வழக்கு முடியவில்லை, ஆனால் எனக்கு அந்தப் பக்கம்தான் சாய்வு.

மற்றொன்று 2025 ஜனவரி 14. ஜோடியைப் பார்த்தால் 2015-ல் வந்ததற்கு அண்ணன் தம்பி போல, ஆளுக்கு 30 சூரியனுக்குக் கொஞ்சம் மேல். ஆனால் பத்து ஆண்டில் கருவி மெருகேறியிருந்ததால் பதிவு மூன்று மடங்குக்கு மேல் துல்லியம். 1971-ல் ஸ்டீபன் ஹாக்கிங் ஒன்று சொல்லியிருந்தார்: கருந்துளைகள் ஒட்டும்போது எவ்வளவு ஆற்றல் வெளியே போனாலும், மேற்பரப்பின் மொத்தப் பரப்பளவு குறையவே குறையாது. முதல் கண்டுபிடிப்புச் செய்தி கேட்டதும் கிப் தோர்னைத் தொடர்புகொண்டு, இதைச் சோதிக்க முடியுமா என்றுதான் ஹாக்கிங் கேட்டாராம். அப்போது முடியவில்லை. 2018-ல் அவர் போய்விட்டார். 2025-ல்தான் உறுதியாக முடிந்தது. ஒட்டுவதற்கு முன் இரண்டின் பரப்பளவும் சேர்ந்து ஏறக்குறைய 2,40,000 சதுர கிலோமீட்டர், ஒட்டிய பின் ஏறக்குறைய 4,00,000. தமிழ்நாட்டு அளவில் சொன்னால் இரண்டு தமிழ்நாட்டுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது மூன்று தமிழ்நாடு ஆகியிருக்கிறது. நிறை குறைந்தது, பரப்பு கூடியது, ஹாக்கிங் சொன்னபடியே.

இந்தியாவுக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு: இரண்டு காது இருந்தால் திசை ஓரளவுதான் தெரியும். 2015-ல் அலை வந்த திசையை வானத்தில் சுமார் 600 சதுர பாகைக்குள்தான் சொல்ல முடிந்தது, அது 3,000 முழுநிலவுகளை அடுக்கினால் வரும் இடம். அதில் எந்தத் தொலைநோக்கியை எங்கே திருப்புவது? அமெரிக்கக் கருவிகளிலிருந்து வெகுதொலைவில் இன்னொன்று வேண்டும். மகாராஷ்டிரத்தில் ஹிங்கோலி மாவட்டம் அவுந்தா நாக்நாத்தில் (ஜோதிர்லிங்கத் தலம் என்று போய்வந்தவர்கள் இருப்பீர்கள்) லைகோ-இந்தியா வரப்போகிறது. 2016-ல் கொள்கை அளவில் ஒப்புதல், 2023 ஏப்ரலில்தான் 2,600 கோடி ரூபாய்க்கு முழு ஒப்புதல். இடையில் போன ஏழு வருடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருப்பதே நல்லது.

கடைசியாக, நம்பவே மாட்டேன் என்றால் ஒரு வழி இருக்கிறது. 2015 பதிவை லைகோ இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, சாதாரண மடிக்கணினியில் ஓடும். வருடாவருடம் என் மாணவர்களுக்கு அதைத்தான் முதலில் கொடுக்கிறேன். திறந்தவுடன் வெறும் கிறுக்கல்தான் தெரியும். 35-க்குக் கீழேயும் 350-க்கு மேலேயும் உள்ள அதிர்வெண்களை வடிகட்டி, மின்கம்பியின் 60 ரீங்காரத்தையும் அது போன்ற வேறு சில பிடிவாதமான கோடுகளையும் வெட்டியெறிந்தால், கிறுக்கலுக்கு நடுவே ஏதோ ஒன்று தலைதூக்கும். போன வருடம் ஒரு பிள்ளை இரண்டு ஊர்ப் பதிவையும் ஒரே தாளில் வரைந்துவிட்டு, “சார், ஒத்துப்போகலையே, ஒன்று மேலே போறப்ப இன்னொன்று கீழே போகுது” என்று முறையிட்டாள். இரண்டு கருவியும் தரையில் ஒரே பக்கம் பார்த்து நிற்கவில்லை, ஒன்றின் குழாய்கள் மற்றதைவிடத் திரும்பியிருக்கின்றன, அதனால் குறி மாறும் என்று சொன்னேன். ஹான்ஃபோர்டு பதிவை ‘மைனஸ்’ போட்டுத் தலைகீழாக்கினாள், 7 மில்லி விநாடி இடது பக்கம் தள்ளினாள். சிவப்புக் கோடும் நீலக் கோடும் கடைசி எட்டு மேடுகளிலும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போய் உட்கார்ந்தன. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளைத் தட்டிக் கூப்பிட்டாள்.